அம்மா, அப்பாவுக்கு மெடிகேர் பார்ட் டி: மருந்துக் காப்பீட்டில் சேர்ப்பதற்கு ஒரு நடைமுறை வழிகாட்டி

முதியோருக்கும் உடல் குறைபாடு உள்ளவர்களுக்கும் அமெரிக்க அரசு தரும் மருத்துவக் காப்பீடான மெடிகேரின் அட்டை தபாலில் வந்துவிட்டால் மாத்திரைச் செலவுக்கும் அதுவே போதும் என்றுதான் பெரும்பாலான வீடுகளில் நினைக்கிறார்கள். அட்டையை எடுத்துப் பாருங்கள். பார்ட் ஏ, பார்ட் பி என்று இரண்டு வரிதான் இருக்கும். முதலாவது மருத்துவமனைக்கு, இரண்டாவது டாக்டருக்கும் பரிசோதனைகளுக்கும். பார்மசியில் வாங்கும் மாத்திரைக்குப் பார்ட் டி என்று தனியாக ஒன்று உண்டு. அதைத் தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. பெரும்பாலோருக்கு அது தானாக வராது, நாம்தான் சேர வேண்டும். சேரத் தவறினால் அபராதம், அதுவும் ஆயுள் முழுக்க.

அமெரிக்காவில் இருக்கும் பெற்றோருக்கோ, மாமனார் மாமியாருக்கோ, உடல் குறைபாட்டால் வேலைக்குப் போக முடியாத உறவினருக்கோ இந்த வேலையைச் செய்து கொடுக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேறு ஆண்டு என்று குறிப்பிடாத இடங்களில் தொகைகள் 2026-க்கு உரியவை. ஆண்டுதோறும் அவை மாறும்.

1. முதலில் தகுதியைப் பாருங்கள்

பார்ட் ஏ அல்லது பார்ட் பி, இரண்டில் ஒன்று இருந்தால் போதும், பார்ட் டி-யில் சேரலாம்.

கிரீன் கார்டில் வந்த பெற்றோர் 65 வயதைத் தாண்டியிருந்தாலும் இங்கே தொடர்ந்து 5 ஆண்டு வசித்த பிறகே மெடிகேருக்கு விண்ணப்பிக்க முடியும். பெற்றோரில் ஒருவர் இங்கே 10 ஆண்டு, அதாவது 40 காலாண்டு, வேலை செய்து வரி கட்டியிருந்தால் பார்ட் ஏ இலவசம். மகனோ மகளோ எத்தனை ஆண்டு வரி கட்டியிருந்தாலும் அந்தக் கணக்கு பெற்றோருக்குச் சேராது. வேலையே செய்யாதவர்களுக்குப் பார்ட் ஏ மாதம் 565 டாலர், பார்ட் பி மாதம் 202.90 டாலர்.

565 டாலர் கட்ட முடியாத குடும்பங்கள் பார்ட் பி மட்டும் எடுத்துக்கொண்டு பார்ட் டி-யில் சேரலாம். இது பலருக்குத் தெரிவதில்லை. ஆனால் மருத்துவமனைச் செலவுக்கு வேறு காப்பீடு இருக்கிறதா என்று பார்த்த பிறகே அந்த முடிவுக்கு வாருங்கள்.

65 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விதி வேறு. சோஷியல் செக்யூரிட்டி டிஸெபிலிட்டி உதவித்தொகை (எஸ்எஸ்டிஐ) 24 மாதம் வாங்கியிருந்தால் 25-வது மாதத்தில் மெடிகேர் தொடங்கும். ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர்களுக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. 22 வயதுக்கு முன்பே உடல் குறைபாடு ஏற்பட்ட பிள்ளைகள், பெற்றோரின் கணக்கில் உதவித்தொகை வாங்கினாலும் இதே 24 மாத விதிதான். எஸ்எஸ்ஐ (வருமானம் குறைந்த முதியோர், உடல் குறைபாடு உள்ளோருக்கான உதவித்தொகை) மட்டும் வாங்குகிறவர்களுக்கு அதனால் மெடிகேர் கிடைக்காது, மெடிகெய்டு (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பெரும்பாலும் கிடைக்கும். எஸ்எஸ்ஐ, எஸ்எஸ்டிஐ இரண்டும் காதில் ஒரே மாதிரி விழும். அவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட, எது வருகிறது என்பதைக் கடிதத்தில் நீங்களே பாருங்கள்.

2. தேதியைக் காலண்டரில் குறியுங்கள்

முதல் முறை சேர 7 மாத அவகாசம் உண்டு: 65 வயது ஆகும் மாதம், அதற்கு முன் 3, பின் 3. டிஸெபிலிட்டி வழியாக வருகிறவர்களுக்கு அந்த 25-வது மாதத்தை நடுவில் வைத்து இதே கணக்கு.

இதில் நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. பள்ளியில் சேர்த்தபோது ஜூன் 1 என்று பிறந்த நாள் எழுதிவிட்ட தலைமுறை இது. பாஸ்போர்ட்டிலும் கிரீன் கார்டிலும் அதே தேதிதான் இருக்கும். மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவர்களுக்கு மெடிகேர் ஒரு மாதம் முன்னதாகவே தொடங்கிவிடும். ஜூன் 1 என்றால் மே 1-ல் தொடக்கம். 7 மாத அவகாசம் பிப்ரவரியில் ஆரம்பித்து ஆகஸ்டில் முடியும். செப்டம்பர் வரை நேரம் இருக்கிறது என்று இருந்துவிட்டால் போச்சு.

65-க்குப் பிறகு 5 ஆண்டு முடிக்கிறவர்கள், முடிகிற மாதத்திலேயே சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்குப் போய்விட வேண்டும். பார்ட் பி கிடைத்த கையோடு பார்ட் டி வேலையையும் தொடங்குங்கள்.

மற்ற வாய்ப்புகள்: ஆண்டுதோறும் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை யாரும் சேரலாம், மாறலாம், ஜனவரி 1-ல் அமலாகும். வேலை வழி மருந்துக் காப்பீடு நின்றுபோனால், அல்லது இப்போதுள்ள பிளான் செல்லாத பகுதிக்கு வீடு மாறினால், சுமார் இரண்டு மாதம் தனி அவகாசம் கிடைக்கும்.

அபராதக் கணக்கு இப்படி: மருந்துக் காப்பீடு இல்லாமல் தொடர்ந்து 63 நாள் அல்லது அதற்கு மேல் போனால், காப்பீடு இல்லாத ஒவ்வொரு முழு மாதத்துக்கும் 1 சதவீதம். எதில் 1 சதவீதம் என்றால், மெடிகேர் அறிவிக்கும் அடிப்படைப் பிரீமியத்தில். 2026-ல் அது 38.99 டாலர். 20 மாதம் விட்டவருக்கு 20 சதவீதம், மாதம் 7.80 டாலர் கூடுதல். பார்ட் டி இருக்கும்வரை இது தொடரும், அடிப்படைத் தொகை ஏறினால் இதுவும் ஏறும். ஒரே ஆறுதல்: 65-க்கு முன் டிஸெபிலிட்டியில் இருந்தபோது விழுந்த அபராதம் 65 ஆனதும் அழிந்துவிடும்.

"மாத்திரையே சாப்பிடுவதில்லை, எதற்குக் காசு?" என்று கேட்கும் பெரியவர்களுக்கும் இருப்பதிலேயே குறைந்த பிரீமியத்தில் ஒரு பிளான் போட்டுவிடுங்கள்.

வேலை வழியாகவோ ஓய்வூதியம் வழியாகவோ மருந்துக் காப்பீடு இருந்தால், அது "கிரெடிட்டபிள் கவரேஜ்", அதாவது பார்ட் டி-க்கு ஈடானது, தானா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தக் கடிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள். சில ஆண்டு கழித்து அபராதம் கேட்டு வரும்போது அதுதான் சாட்சி. பார்மசி தள்ளுபடி கார்டு காப்பீட்டில் சேர்த்தி இல்லை. இன்னொன்று: முன்னாள் நிறுவனம் ஓய்வுக்காலக் காப்பீடு தருகிறதென்றால், தனியாகப் பார்ட் டி எடுப்பதற்கு முன் அவர்களைக் கேளுங்கள். சில இடங்களில் அப்படி எடுத்தால் மொத்தக் காப்பீடும், துணைவருக்கு உள்ளதும் சேர்ந்தே, போய்விடும்.

3. மருந்துப் பட்டியல் போடுங்கள்

இந்த வேலையில் பாதி வெற்றி இங்கேதான் இருக்கிறது. ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டில் உள்ள எல்லா மாத்திரை டப்பாக்களையும் சாப்பாட்டு மேசையில் பரப்பிவிடுங்கள். பூஜை அறை அலமாரி, கைப்பை, ஊரிலிருந்து வந்த சூட்கேஸ் எதையும் விடாதீர்கள்.

ஒரு டப்பாவின் லேபிளை எடுத்துக்கொள்வோம். "மெட்ஃபார்மின் எச்சிஎல் இஆர் 500 மி.கி. டேப்லட், காலை 2, மாலை 2, எண்ணிக்கை 360, ரீஃபில் 3" என்று இருக்கிறது. நாளைக்கு 4, மாதத்துக்கு 120, ஆக 360 என்பது 90 நாளுக்கானது. மெடிகேர் தளத்தில் பதியும்போது மாதம் 120 என்றோ, 90 நாளுக்கு 360 என்றோ போட வேண்டும். அவசரத்தில் 30 என்று விட்டுவிட்டால் செலவு நாலில் ஒரு பங்காகக் காட்டும்.

அந்த "இஆர்" என்ற இரண்டு எழுத்தையும் கவனியுங்கள். மெட்ஃபார்மினில் சாதா மாத்திரையும் உண்டு, மெதுவாகக் கரையும் இஆர் மாத்திரையும் உண்டு. இஆரிலேயே சில வகைகள் இருக்கின்றன. ஒன்று மிக மலிவு. இன்னும் இரண்டு வகை பல மடங்கு விலை, பல பிளான்களில் பட்டியலிலேயே இருக்காது. தளம் ஒன்றுக்கு மேல் காட்டினால் எதைத் தொடுவது என்று பார்மசிஸ்ட்டிடம் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரைகளுக்கு வருவோம். பிராண்ட் பெயரைத் தட்டினால் ஒன்றும் வராது. அட்டையின் பின்பக்கம் சிறிய எழுத்தில் உள்ள மூலப் பெயரைத் தேடுங்கள். கிளைகோமெட் என்பது மெட்ஃபார்மின், எல்ட்ராக்ஸின் என்பது லீவோதைராக்ஸின், டெல்மா என்பது டெல்மிசார்டன். சால்பூடமால் இன்ஹேலருக்கு இங்கே ஆல்பூட்டரால் என்று பெயர்.

சில மருந்துகள் இந்த நாட்டில் கிடையவே கிடையாது. சர்க்கரைக்குத் தரும் கிளிக்லசைடு, வில்டாக்ளிப்டின், டெனலிக்ளிப்டின், ரத்த அழுத்தத்துக்குத் தரும் சில்னிடிபின் எல்லாம் அமெரிக்காவில் விற்பனையில் இல்லை. எந்தப் பிளானும் அவற்றுக்குப் பணம் தராது. கைவசம் உள்ளது தீர்வதற்குள் இங்குள்ள டாக்டரைப் பார்த்து மாற்று மருந்து எழுதி வாங்க வேண்டும். அளவை நீங்களாக மாற்றிக் கொடுக்காதீர்கள். புது மருந்துக்குச் சீட்டு கிடைத்த பிறகு பட்டியல் போட்டால்தான் பிளான் கணக்கு சரியாக வரும்.

சீட்டு இல்லாமல் கடையில் வாங்கும் வலி மாத்திரை, இருமல் சளி மருந்து, பெரும்பாலான விட்டமின்கள் எதுவும் பார்ட் டி-யில் வராது. ரத்தச் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்பும் வராது, அதைப் பார்ட் பி-யில் கேட்க வேண்டும். இன்சுலின் ஊசி, சிரிஞ்சு பார்ட் டி. நீண்ட நாள் உழைக்கும் பம்ப் வழியாக இன்சுலினை ஏற்றினால் அது பார்ட் பி. பார்மசி கவுன்டரில் "கவர் ஆகவில்லை" என்று சொன்னால், எந்தப் பார்ட்டுக்கு அனுப்பினீர்கள் என்று ஒரு கேள்வி கேளுங்கள். பல சமயம் தவறான இடத்துக்குத்தான் போயிருக்கும்.

4. பிளான் பார்ப்பதற்கு முன் எக்ஸ்ட்ரா ஹெல்ப் விண்ணப்பம்

வருமானம் குறைந்தவர்களுக்குப் பிரீமியம், டிடக்டிபிள் (பிளான் பணம் தரத் தொடங்கும் முன் நாமே கட்டும் தொகை), கோபே (ஒவ்வொரு முறை மருந்து வாங்கும்போதும் நாம் கட்டும் பங்கு) மூன்றையும் குறைக்கும் உதவி இது. கிடைத்தால் டிடக்டிபிள் இல்லை, ஜெனரிக் மருந்துக்கு 5.10 டாலர், பிராண்ட் மருந்துக்கு 12.65 டாலருக்கு மேல் போகாது, அபராதமும் கட்ட வேண்டாம். தகுதி உள்ள பலர் கேட்பதே இல்லை என்பதுதான் வருத்தம்.

2025-க்கான வருமான வரம்பு தனி ஆளுக்கு ஆண்டுக்கு 23,475 டாலர், தம்பதிக்கு 31,725. சொத்து வரம்பு தனி ஆளுக்கு 17,600, தம்பதிக்கு 35,130. ஆண்டுதோறும் சற்று உயரும். சிறிது தாண்டினாலும் விண்ணப்பியுங்கள், சில வருமானங்களைக் கழித்துத்தான் பார்ப்பார்கள்.

குடியிருக்கும் வீடு, கார், நகை நட்டு, ஆயுள் காப்பீடு இவை சொத்துக் கணக்கில் வராது. வங்கிப் பணம், பங்குகள், ஓய்வுக்காலச் சேமிப்பு வரும். குடியிருக்கும் வீட்டைத் தவிர மற்ற வீடு, நிலம் வரும். அதாவது ஊரில் உள்ள மனையும், அங்குள்ள வங்கியில் போட்ட வைப்புத்தொகையும் சேர்த்திதான். மறைக்காதீர்கள். பொய் சொன்னால் தண்டனைக்குரியது என்பதை ஏற்றுக்கொண்டுதான் கையெழுத்துப் போடுகிறார்கள், போடுவது உங்கள் அம்மாவோ அப்பாவோ. பிள்ளை வீட்டில் தங்கிச் சாப்பிடுவதை வருமானமாகக் கணக்கிடுவதில்லை, அந்தப் பயம் வேண்டாம்.

படிவம் எஸ்எஸ்ஏ-1020. சோஷியல் செக்யூரிட்டி தளத்தில் இணையம் வழியாகவும் போடலாம், 1-800-772-1213 எண்ணிலும் கேட்கலாம். கட்டணம் இல்லை. பணம் கேட்கிறவர் யாராக இருந்தாலும் விலகிவிடுங்கள். அதே படிவம் மாநிலத்தின் மெடிகேர் சேவிங்ஸ் புரோகிராமுக்கும் விண்ணப்பமாகப் போகும், வேண்டாம் என்று நீங்கள் கட்டத்தில் டிக் செய்யாத வரை. டிக் செய்யாதீர்கள். அது கிடைத்தால் பார்ட் பி பிரீமியத்தை மாநிலமே கட்டும்.

மெடிகேர், மெடிகெய்டு இரண்டும் உள்ளவர்களுக்கு எக்ஸ்ட்ரா ஹெல்ப் தானாக வரும். ஊதா நிறத் தாளில் கடிதம் வந்தால் அதுதான். அவர்கள் பிளான் எடுக்காமல் இருந்தால் மெடிகேரே ஏதோ ஒன்றில் சேர்த்துவிட்டு மஞ்சள் நிறக் கடிதம் அனுப்பும். அந்தப் பிளானில் அவர்கள் சாப்பிடும் மருந்து இருக்கிறதா என்று யாரும் பார்த்துச் சேர்ப்பதில்லை. நீங்கள்தான் பார்க்க வேண்டும். எக்ஸ்ட்ரா ஹெல்ப் உள்ளவர்கள் மாதம் ஒரு முறை தனிப் பார்ட் டி பிளானுக்கு மாறிக்கொள்ளலாம்.

5. பிளான் தேடுங்கள்

மெடிகேர் டாட் கவ் தளத்தில் பிளான்களை ஒப்பிடும் பக்கம் உண்டு. ஜிப் கோடு, மருந்துப் பட்டியல், வழக்கமாகப் போகும் பார்மசிகள் இவற்றைக் கொடுங்கள். பார்மசியில் ஒன்றோடு நிற்காமல் வீட்டருகே உள்ள நாலைந்தைச் சேருங்கள். ஒரே பிளான், ஒரே மருந்து, சாலையின் எதிர்ப்பக்கக் கடையில் பாதி விலையாக இருக்கும். பிளான் "பிரிஃபர்டு" என்று வைத்திருக்கும் கடையா இல்லையா என்பதைப் பொறுத்தது அது.

வரிசைப்படுத்தும்போது "மருந்துச் செலவும் பிரீமியமும் சேர்த்துக் குறைவானது" என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிரீமியத்தை மட்டும் பார்ப்பதுதான் எல்லாரும் விழும் குழி. ஒரு கணக்கு: முதல் பிளானில் பிரீமியம் இல்லை, மருந்துக்கு ஆண்டுக்கு 1,140 டாலர். இரண்டாவதில் பிரீமியம் மாதம் 32, ஆண்டுக்கு 384, மருந்துக்கு 210, மொத்தம் 594. இலவசப் பிளான்தான் ஏறக்குறைய இரண்டு மடங்கு செலவு.

தெரிந்திருக்க வேண்டிய தொகைகள்: எந்தப் பிளானும் 615 டாலருக்கு மேல் டிடக்டிபிள் வைக்கக் கூடாது. பிளான் ஏற்கும் மருந்துகளுக்கு நீங்கள் கையிலிருந்து கொடுப்பது ஆண்டுக்கு 2,100 டாலரைத் தொட்டதும் மீதி ஆண்டுக்குப் பூஜ்யம். பிரீமியமும், பிளான் பட்டியலில் இல்லாத மருந்தும் இந்த 2,100-ல் சேராது. பிளான் ஏற்கும் இன்சுலின் மாதம் 35 டாலருக்கு மேல் இல்லை. ஷிங்கிள்ஸ் போன்ற, பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட தடுப்பூசிகளுக்குக் கட்டணமே இல்லை. ஜனுவியா, எலிக்விஸ், ஜார்டியன்ஸ், ஃபார்சிகா உட்பட 10 மருந்துகளுக்கு அரசு பேசி முடித்த குறைந்த விலை 2026 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது.

குறைந்த செலவுள்ள மூன்று பிளான்களை எடுத்து, ஒவ்வொரு மருந்தின் பக்கத்திலும் கட்டுப்பாடு ஏதாவது போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிரயர் ஆதரைசேஷன் என்றால் டாக்டர் முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும். ஸ்டெப் தெரபி என்றால் முதலில் மலிவான மருந்தைச் சாப்பிட்டுப் பார்க்கச் சொல்வார்கள். குவாண்டிட்டி லிமிட் என்றால் மாதத்துக்கு இத்தனைதான். ஆண்டுக்கு 40 டாலர் கூடுதலாக ஆனாலும் கட்டுப்பாடு இல்லாத பிளானே மேல். வயதானவர்களை வைத்துக்கொண்டு ஒவ்வொரு அனுமதிக்கும் டாக்டர் ஆபீசைத் துரத்துவது பெரிய பாடு.

அப்பா ஏற்கெனவே மெடிகேர் அட்வான்டேஜ் (மெடிகேரைத் தனியார் நிறுவனம் வழியாக மொத்தமாகப் பெறும் பிளான்) எச்எம்ஓ அல்லது பிபிஓ வகையில் இருந்தால் தனிப் பார்ட் டி எடுக்காதீர்கள். எடுத்தால் அட்வான்டேஜ் பிளானிலிருந்து அவர் பெயர் தானாக நீங்கிவிடும். அந்தப் பிளான்களில் பெரும்பாலும் மருந்துக் காப்பீடும் உள்ளேயே இருக்கும்.

6. சேருங்கள்

கையில் வேண்டியவை: மெடிகேர் அட்டையில் உள்ள, எழுத்தும் இலக்கமும் கலந்த 11 இட எண், பார்ட் ஏ அல்லது பார்ட் பி தொடங்கிய தேதி, முகவரி, பிறந்த தேதி, வேறு மருந்துக் காப்பீடு இருந்தால் அதன் விவரம். தளத்திலேயே சேரலாம், அல்லது 1-800-633-4227. கூட்டாட்சி விடுமுறைகள் சில தவிர, வாரம் முழுக்க 24 மணி நேரமும் எடுப்பார்கள். எடுத்ததும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், இலவசம்தான்.

போனில் நீங்களே பேசலாம், ஆனால் பெரியவர் பக்கத்தில் இருந்து "என் மகளிடம் பேசலாம்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் அவரை உட்கார வைக்க முடியாதென்றால் சிஎம்எஸ்-10106 படிவத்தை அனுப்பி வையுங்கள். அது விவரம் பேச மட்டுமே. அவருக்குப் பதில் கையெழுத்துப் போட, மாநிலச் சட்டப்படியான பவர் ஆஃப் அட்டர்னி போன்ற அதிகாரம் வேண்டும்.

பிரீமியத்தை சோஷியல் செக்யூரிட்டி பணத்தில் பிடிக்கச் சொன்னால் தொடங்க இரண்டு மூன்று மாதம் ஆகலாம், பிறகு சேர்த்துப் பிடிப்பார்கள். சிறிய தொகையை வைத்து மாதம் ஓட்டுகிறவர்களுக்கு அது பெரிய அடி. வங்கிக் கணக்கிலிருந்து நேரே கட்டுவது நிம்மதி. உதவிக்கு ஆள் வேண்டுமென்றால் ஒவ்வொரு மாநிலத்திலும் ஷிப் என்ற இலவச ஆலோசனை இருக்கிறது, எண் 877-839-2675. கலிபோர்னியாவிலும் டெக்சஸிலும் அதற்குப் பெயர் ஹைகேப். அவர்கள் எதையும் விற்பதில்லை. நீங்கள் கேட்காமல் தானாகப் போன் செய்து மெடிகேர் எண்ணைக் கேட்கிறவரிடம் எண்ணைச் சொல்லக் கூடாது என்று பெரியவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.

7. முதல் மூன்று மாதம்

அட்டை வரத் தாமதமானால் சேர்ந்ததற்கான கடிதத்தைப் பார்மசியில் காட்டுங்கள். மெடிகேர் எண்ணை வைத்தே அவர்கள் பிளானைக் கண்டுபிடிக்க முடியும்.

புதுப் பிளானில் ஒரு மருந்து இல்லை என்று கவுன்டரில் சொன்னால் வெறுங்கையோடு திரும்ப வேண்டாம். ஏற்கெனவே சாப்பிட்டு வரும் மருந்தாக இருந்தால், முதல் 90 நாளுக்குள் ஒரு முறை ஒரு மாத மருந்து தர வேண்டும் என்பது விதி. "டிரான்சிஷன் ஃபில்" என்று கேளுங்கள். அந்த ஒரு மாதத்துக்குள் டாக்டர் மருந்தை மாற்ற வேண்டும், அல்லது பிளானுக்கு விதிவிலக்கு கேட்டு எழுத வேண்டும். டாக்டரின் விளக்கம் கிடைத்த 72 மணி நேரத்தில் பிளான் பதில் சொல்லியாக வேண்டும், அவசரம் என்றால் 24 மணி நேரம். மறுத்தால் 65 நாளுக்குள் மேல்முறையீடு.

ஜனவரியில் டிடக்டிபிள் சேர்ந்து பெரிய பில் வரும் வீடுகளில், செலவை மாதத் தவணையாகப் பிரித்துக் கட்டும் வசதியைப் பிளானிடம் கேட்கலாம். வட்டி கிடையாது. மொத்தச் செலவு குறையாது. ஆண்டுத் தொடக்கத்தில் சேர்ந்தால்தான் பயன். எக்ஸ்ட்ரா ஹெல்ப் உள்ளவர்களுக்கு இது தேவையில்லை.

ஊருக்குப் போகிறார்களா? இந்தியாவில் வாங்கும் மருந்துக்குப் பார்ட் டி பணம் தராது. கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே பிளானைக் கூப்பிட்டு, பயணத்துக்குக் கூடுதல் மருந்து வேண்டும் என்று சொல்லி 90 நாள் மருந்தை வாங்கி வையுங்கள். 12 மாதத்துக்கு மேல் வெளிநாட்டிலேயே இருந்துவிட்டால் பிளானிலிருந்து நீக்கிவிடுவார்கள்.

8. ஒவ்வொரு செப்டம்பரும்

மாத இறுதிக்குள் பிளானிடமிருந்து அடுத்த ஆண்டு மாற்றங்கள் பற்றிய கடிதம் வரும். பெரியவர்கள் அதைப் பிரிக்காமல் ஓரமாக வைத்துவிடுவார்கள், கேட்டு வாங்குங்கள். மருந்துப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு 5-வது படியை மறுபடி செய்யுங்கள், இந்த முறை 20 நிமிடம் போதும். சாம்பல் நிறத் தாளில் கடிதம் வந்திருந்தால், தானாக வந்துகொண்டிருந்த எக்ஸ்ட்ரா ஹெல்ப் ஜனவரியோடு நிற்கப் போகிறது என்று அர்த்தம். அன்றைக்கே எஸ்எஸ்ஏ-1020 படிவத்தைப் போட்டுவிடுங்கள்.